ஒரு சின்னக் காரின் ஜீர்ணோத்தாரணம்: எதை மாற்றலாம், எதைக் காக்க வேண்டும்?

புதிதாக ஒரு கோயில் கட்டுவதைவிடச் சிதைந்த கோயில் ஒன்றை எடுத்து நிறுத்துவது பெரிய புண்ணியம் என்று எங்கள் சமணப் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். ஜீர்ணம் என்றால் பழசாகிச் சிதைந்தது. உத்தாரணம் என்றால் தூக்கி நிறுத்துவது. சைவ, வைணவ அன்பர்களும் திருப்பணியில் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். இதை நான் ஒரு மோட்டார் காருக்குச் சொல்வதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள். கோயிலானாலும் காரானாலும், பழசைப் புதுப்பிக்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான். எவ்வளவு மாற்றினால் அது அதுவாகவே இருக்கும்? எந்த இடத்தில் வேறொன்றாகிவிடும்?

நான் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்பவன். எங்கள் கடையில் தகப்பனார் காலத்திலிருந்தே ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் சாமான்கள் உண்டு. என் அக்கா மகன் குடகுப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் கிடந்த பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வண்டியை வாங்கி வந்தபோது, அந்தச் சாமான்களே எங்களுக்குக் கை கொடுத்தன. வீட்டுக் கொட்டகையில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், நான்கு வருஷம் வேலை நடந்தது. அதிலிருந்தும் படித்ததிலிருந்தும் திரட்டிய செய்திகளை, இந்த வேலையில் இறங்க நினைக்கும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

1. கோவென்ட்ரியும் வண்டலூரும்

ஸ்பிட்ஃபயர் இரண்டே பேர் உட்காரும் சின்னத் திறந்த கார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனி 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் இதை அறிமுகம் செய்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலொட்டி. 1959-இல் வந்த ஹெரால்டு காரை வரைந்தவரும் அவரே. கம்பெனியில் பணமுடை வந்ததால் ஸ்பிட்ஃபயரின் மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-இல் லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபை வாங்கியபோது வந்தவர்கள் கண்ணில் அது பட்டு, உற்பத்திக்குப் போனது என்பது வரலாறு. 1980 வரை 3,14,000-க்கும் மேல் விற்றது.

நமக்குச் சுவையான செய்தி இனிமேல்தான். ஸ்பிட்ஃபயர் தனியாகப் பிறந்த வண்டி அல்ல, ஹெரால்டின் தம்பி. முன்சக்கரத் தொங்கல் அமைப்பு, ஸ்டியரிங், டிஃபரன்ஷியல், எஞ்சின் வம்சம் எல்லாம் ஒன்று. அந்த ஹெரால்டை 1961-லிருந்து சென்னையில் தயாரித்தது 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை வண்டலூர் - பெருங்களத்தூர்ப் பக்கம். நாலு கதவு வைத்த ஹெரால்டு இங்கே மட்டுமே பிறந்தது. 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் அதன் வாரிசு. ஆகவே கோவென்ட்ரிக் காருக்கு வேண்டிய சில சாமான்கள், வண்டலூர்க் காருக்காக வாங்கி வைத்த பழைய ஸ்டாக்கிலேயே கிடைக்கும். ஆனால் இந்திய ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி.; எங்கள் ஸ்பிட்ஃபயர் இரண்டாவது மார்க், 1147 சி.சி., 67 குதிரைத்திறன். எது பொருந்தும், எது பொருந்தாது என்று பழைய சாமானைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

2. கழற்றுவதற்கு முன்

வண்டி வந்த அன்றே ஸ்பானரை எடுக்கக் கூடாது. முதலில் படம் எடுங்கள். ஒவ்வொரு ஒயர், ஒவ்வொரு கிளிப், ஒவ்வொரு வாஷர் எங்கே எந்தப் பக்கமாக இருந்தது என்று தெரிய வேண்டும். கழற்றிய நட்டு போல்ட்டுகளைச் சின்னச் சின்னப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பிறகு ஒரு நோட்டில் மூன்று பட்டியல் போடுங்கள்: காக்க வேண்டியவை, மாற்ற வேண்டியவை, புதிதாகச் சேர்க்க வேண்டியவை. எங்கள் நாலு வருஷ வேலைக்கும் அந்த மூன்று பட்டியல்தான் அஸ்திவாரம்.

எங்கள் வண்டியின் சீட்டுப் பஞ்சுக்குள் ஒரு எலிக் குடும்பம் இருந்தது. அவற்றைக் கொல்லாமல் வெளியே அனுப்பவே இரண்டு நாள் ஆயிற்று. எலி இருந்த வண்டியில் ஒயரிங்கை நம்பவே கூடாது என்பது அதில் கிடைத்த பாடம்.

இன்னொன்று. பெட்ரோல் டாங்கியைக் கழற்றி வெளியே கொண்டுபோன பிறகே வெல்டிங் என்ற பேச்சு எழ வேண்டும். கொட்டகையில் தீயணைப்பான் கட்டாயம். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே கொடுக்க வேண்டும்.

3. தகடு வேலை

இந்தக் காருக்கு எமன் துருதான். ஹெரால்டுக்கு அடிச்சட்டம் தனி, பாடி தனி. ஸ்பிட்ஃபயருக்கும் அப்படித்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹெரால்டின் சட்டத்தில் பக்கவாட்டு இரும்புகள் இருக்கும். ஸ்பிட்ஃபயரில் அவை இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகடுதான், அதை ஸில் என்பார்கள், அந்த வேலையையும் பார்க்கிறது. மேற்கூரை இல்லாத வண்டி வேறு. எனவே துருப்பிடித்த ஸில்லை வெட்டி எடுத்த கணமே பாடி நடுவில் தொய்ய ஆரம்பிக்கும். வேலை முடிந்து கதவை மாட்டினால் மூடாது.

இதற்கு வழி, வெட்டுவதற்கு முன்பே கதவு நிலையில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்துவிடுவது. வண்டியின் கனம் அதன் சக்கரங்களின் மேலேயே இருக்கட்டும். ஒரு பக்கம் முழுவதும் முடித்து, கதவு இடைவெளியை அளந்து பார்த்த பிறகே மறு பக்கம். 20 கேஜ் தகடு, மிக் வெல்டிங், ஒரே இடத்தில் தொடர்ந்து வைக்காமல் இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்தல். இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளியும்.

நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் ஓட்டைக்கு மேல் பட்டி பூசி மறைக்கும் பழக்கம் உண்டு. பட்டி என்பது மெல்லிய மேடு பள்ளத்தைச் சமன் செய்யத்தானே ஒழிய ஓட்டை அடைக்க அல்ல. காந்தம் ஒன்று கையில் இருந்தால் போதும். ஒட்டாத இடத்தில் தடிமனான பட்டி இருக்கிறது என்று அர்த்தம். தகடு வேலை முடிந்ததும் பெட்டிகளின் உட்புறம் மெழுகுக் கலவையைப் பீய்ச்சி, தண்ணீர் வடியும் துளைகளைத் திறந்து விடுங்கள். எங்கள் செலவில் பாதிக்கு மேல் இந்த ஒரு தலைப்பில்தான் போயிற்று. வெளியே தெரியாத வேலை, ஆனால் வண்டியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

4. உயிர் காக்கும் பாகங்கள்

மெருகூட்டுவதற்கு முன் இவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

முதலாவது, முன்சக்கரத்தின் டிரன்னியன். செங்குத்துத் தண்டின் அடியில் திருகு மரையோடு இருக்கும் வெண்கலத் துண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு இதற்குள் திரும்பும். இதற்குக் கம்பெனி சொன்னது கியர் ஆயில், கிரீஸ் அல்ல. நம் மெக்கானிக்குகள் பழக்கத்தில் கிரீஸ் துப்பாக்கியை வைத்துவிடுவார்கள். கிரீஸ் கெட்டிப்பட்டு, மரைக்குள் ஈரம் தங்கி, தண்டு உள்ளுக்குள் அரித்துப்போய், ஒரு நாள் வளைவில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. இடது வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை என்பதால் மாற்றிப் போடவும் கூடாது. ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 710 கிலோ எடையுள்ள வண்டிக்கு அது போதும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு இடத்தில் கசிந்தால் எல்லா பிரேக்கும் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதை உள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைப்பது அறிவுள்ள முன்னேற்றம். ரப்பர் ஹோஸ் அத்தனையும் புதிது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பின்சக்கரம். பழைய ஸ்பிட்ஃபயரின் பின் அச்சு டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில் கீல் போல மடங்கும். வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் தூக்கி, வெளிப்புறச் சக்கரம் உள்ளே மடிந்து, வண்டி பிடி நழுவும். கம்பெனியே 1970-இல் நாலாவது மார்க்கில் இதற்கு மருந்து கண்டது. குறுக்கே ஓடும் பட்டையில் ஒரு தகட்டை மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்றவை ஊசலாடும்படி விட்டார்கள். அந்தப் பட்டையைப் பழைய வண்டியிலும் மாட்டலாம். ஆனால் அதோடு முன்னால் கனமான ஆன்ட்டி-ரோல் கம்பியும் போட வேண்டும். ஒன்றைப் போட்டு ஒன்றை விட்டால் வண்டி சாய்ந்து சாய்ந்து போகும். சென்னை கெஸலில் இந்த மடங்கும் அச்சையே எடுத்துவிட்டு ஒரே தண்டான அச்சு வைத்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

நான்காவது, டயரும் பெல்ட்டும். டயரில் பூ நன்றாக இருக்கிறது என்று ஏமாறக் கூடாது. பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 1423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 14-வது வாரம். இதை எல்லாரும் தங்கள் புதுக் காரிலும் பார்த்துக்கொள்ளலாம். பெல்ட்டுக்கு மூன்று முனைப் பிடிப்பு வேண்டும். வெறும் தகட்டில் போல்ட் போடாமல் பின்னால் அகலமான இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

5. எஞ்சினும் இன்றைய பெட்ரோலும்

இந்த எஞ்சினின் பலவீனம் கிராங்க் தண்டின் முன்பின் நகர்வைத் தடுக்கும் அரைவட்ட வாஷர்கள். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்னாலுள்ள புல்லியைப் பார்க்கட்டும். 0.2 மி.மீ.-க்கு மேல் அசைந்தால் உடனே கவனிக்க வேண்டும். தேய்ந்து கழன்று கீழே விழுந்தால் எஞ்சின் பிளாக்கே பாழாகும். சின்ன வாஷர், பெரிய நஷ்டம்.

அடுத்து பெட்ரோல். இந்த வண்டி பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு உட்காரும் இடத்தை அது காத்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. ஆகவே ஹெட்டைக் கழற்றும்போதே லேத் பட்டறையில் கொடுத்து, எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டியான சீட்டு வளையம் அடித்துவிட வேண்டும். வெளியே தெரியாத, குற்றம் சொல்ல முடியாத மாற்றம் இது.

இப்போது வந்திருக்கும் புதிய விஷயம் எத்தனால். 2023-லிருந்து படிப்படியாக வந்து, 2025-இல் நாடு முழுவதும் 20 சதவீதக் கலப்பு என்றாகிவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உதிர்க்கும். ஈரத்தை இழுத்து டாங்கியைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே எரிபொருள் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் சீல் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் சக்தியும் குறைவு, கலவையும் மெலிந்துபோகும். இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரில் அடியிலுள்ள ஆறுமுகத் திருகைக் கொஞ்சம் இறக்கினால் கலவை செறிவாகும்; அதுவும் போதாவிட்டால் ஊசியை மாற்ற வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் அந்தப் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

ரேடியேட்டருக்குப் புதிய கோர், டிராஃபிக்கில் நிற்கும்போது ஓட ஒரு மின்விசிறி. இவ்விரண்டும் இல்லாமல் நம் ஊர் சிக்னலில் இந்த வண்டி நிற்காது.

6. கரண்ட் வேலை

முதல் இரண்டு மார்க் ஸ்பிட்ஃபயரில் பாட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய எந்தக் கருவியும் அதற்கு ஒத்துவராது. பாட்டரி ஒயரை மாற்றி, இக்னிஷன் காயிலின் இரு முனைகளை இடம் மாற்றி, டைனமோவுக்குப் பதில் ஒரு சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் வைத்தால் போதும். ஹெட்லைட்டுக்கு ரிலேயும், ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஃப்யூஸும் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால், கழற்றிய பழைய பாயிண்ட்டை டாஷ்போர்டில் ஒரு டப்பாவில் வையுங்கள். நடுவழியில் நின்றால் பத்து நிமிஷத்தில் திரும்ப மாட்டலாம்.

இதில் ஒரு தத்துவம் இருக்கிறது. சேர்ப்பதை எல்லாம் நாளைக்கு ஒருவன் கழற்றி, பழையபடி ஆக்கக்கூடிய விதத்தில் சேர்க்க வேண்டும். தகட்டில் புதிய ஓட்டை போடாமல், ஏற்கெனவே இருக்கும் ஓட்டையில் மாட்டுவது. வெட்டாமல், இணைப்பது.

7. எங்கள் வீட்டில் நடந்த வாதம்

என் மருமகன் இளைஞன். ஒரு நாள் சொன்னான்: “மாமா, நல்ல ஜப்பான் எஞ்சின் ஒண்ணு, அஞ்சு கியர் பெட்டியோட கிடைக்குது. தூக்கி வெச்சுட்டா இருமடங்கு சக்தி.”

“சக்தி வரும் தம்பி. அது வந்தப்புறம் பிரேக் தாங்குமா? சட்டம் தாங்குமா? எல்லாம் தாங்க வெச்சப்புறம் இது என்ன வண்டின்னு சொல்லுவே?” என்றேன்.

அவன் விடவில்லை. “நீங்க மட்டும் ஆல்டர்னேட்டர் வெக்கலாம், பட்டை மாத்தலாம். நான் எஞ்சின் மாத்தக் கூடாதா?” நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சட்டத்தின் பதில் எளிது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. மேலும் 2021-இல் வந்த விதிகளின்படி, 50 வயது கடந்து, மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டியைத்தான் பழம்பெரும் வாகனமாகப் பதிய முடியும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். கட்டணம் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000. புதிய எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கே ஓட்டலாம், தினசரி ஓட்டத்துக்கு அல்ல. எந்த வேலை தொடங்குவதற்கு முன்னும் பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நலம்.

தத்துவத்தின் பதில் கொஞ்சம் ஆழம். இருக்கும் பொருள் எதற்கும் தோற்றம், அழிவு, நிலைபேறு என்ற மூன்றும் ஒரே சமயத்தில் உண்டு என்பது சமணக் கொள்கை. தங்க வளையலை அழித்துச் சங்கிலி செய்தால், சங்கிலி தோன்றியது, வளையல் அழிந்தது, தங்கம் நிலைத்தது. அப்படியானால் மாறுவது பிழை அல்ல. மாறாதிருக்க எதனாலும் முடியாது. கேட்க வேண்டியது, இந்தப் பொருளில் தங்கம் எது என்பதே. ஸ்பிட்ஃபயரில் அந்தத் தங்கம் அதன் சட்டம், மிக்கெலொட்டி வரைந்த உருவம், முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும் பானட், அந்தச் சின்ன எஞ்சினின் குரல். ஆல்டர்னேட்டரும் ஹோஸும் வளையலின் வேலைப்பாடு மாதிரி. எஞ்சினை எடுத்துவிட்டால் தங்கத்தையே எடுத்த மாதிரி.

மருமகன் ஒப்புக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன். “ஓவர்டிரைவ் போடலாமில்ல?” என்று கேட்டான். 1963-லிருந்து கம்பெனியே விருப்பத்தின் பேரில் கொடுத்த சாமான் அது. தாராளமாகப் போடலாம் என்றேன். இருவருக்கும் திருப்தி. சீட்டுக்குத் தோல் வேண்டாம், ரெக்ஸினே போதும் என்பதில் மட்டும் நான் பிடிவாதம்; இந்தக் காரில் சாதாரணமாக வந்ததும் ரெக்ஸின்தான் என்பதால் வாதம் எனக்குச் சாதகமாயிற்று.

8. முடிவாக

வீட்டில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் வரிசை இது: முதலில் காகிதங்கள், பிறகு தகடு, பிறகு பிரேக்கும் சக்கரமும், பிறகு எஞ்சின், பிறகு கரண்ட், கடைசியில்தான் பெயிண்டும் குரோமும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, பளபளக்கும் வண்டியைப் பாதியில் விற்றுவிடுகிறார்கள். பணம் இல்லாத மாதத்தில் வேலையை நிறுத்துங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் எண்ணாக இருக்கிறது. ஆனால் கைக்குத் தெரிவது கூட நின்று செய்யும்போதுதான்.

ஊர் விட்டு வந்து, வேற்று மொழிகளுக்கு நடுவே குடும்பம் நடத்தும் நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. உடை, உணவு, பேச்சு எல்லாவற்றிலும் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம், எதை விட்டால் நாம் நாமாக இருக்க மாட்டோம் என்று தினம் தினம் முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஒரு பழைய வண்டி அந்தக் கேள்வியை ஸ்பானரும் கையுமாகக் கேட்க வைக்கிறது, அவ்வளவுதான்.